ஊர் வீட்டுக்கு ஒரு சர்வர்: பழைய கம்ப்யூட்டர்களில் எதை வைப்பது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் மூன்று பழைய மெஷின்கள் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 2008-இல் வாங்கிய கோர் 2 டுவோ டெஸ்க்டாப், தங்கைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப், ஆபீசில் கழித்துக் கொடுத்த ஐ5 ஆறாம் தலைமுறை டெல் லாட்டிட்யூட். இவற்றில் ஒன்றை வீட்டுச் சர்வராக்கி, குடும்ப போட்டோக்கள், கல்யாண வீடியோக்கள், ஐயா காலத்துப் பேரேடுகளின் ஸ்கேன் எல்லாவற்றையும் போட்டு, கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் குடும்பமும் பார்க்கும்படி செய்ய முடியுமா, எதை எடுப்பது, கரண்ட் பில் எகிறுமா என்பது கேள்வி. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். அப்பச்சியும் ஆத்தாவும் வருஷத்தில் பாதி நாள்தான் ஊரில்.

முடியும். லாட்டிட்யூடை எடுங்கள். ஆனால் அதன் பிராசசர் வேகத்துக்காக இல்லை. நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் இதில் முக்கியம். பாதி வருஷம் வாட்ச்மேன் மட்டும் இருக்கிற வீட்டில் கரண்ட் போய் வந்தால், யார் கையும் படாமல் எந்த மெஷின் தானாக எழுந்து வேலை பார்க்கும்? நகரத்து ஃபிளாட்டை மனதில் வைத்து எழுதும் வழிகாட்டிகள் இதைப் பேசுவதே இல்லை. அங்கே சர்வர் நின்றுபோனால் எழுந்துபோய் பட்டனை அழுத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்தப் பட்டன் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

டெஸ்க்டாப்பை முதலில் கழித்துவிடுவோம். அந்தக் காலத்து கோர் 2 டுவோ பெட்டி சும்மா இருக்கும்போதே 70, 80 வாட் இழுக்கும். 75 என்று வைத்தால், இரண்டு மாதத்தின் 1,440 மணி நேரத்துக்கு 108 யூனிட். வீட்டு இணைப்புகளுக்கு 2016-இல் வந்த 100 யூனிட் இலவசத்தை இது ஒன்றே தின்று தீர்த்துவிடும். ஸ்க்ரீனை அணைத்த லாட்டிட்யூட் 10 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். அதற்கு 14 யூனிட் சொச்சம். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டில் விசேஷம், ஏசி என்று 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், மேலே போன யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வீதம் கூடிவிடும். எல்லையில் நிற்கும் பில்லில் இந்த 90 யூனிட் வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். சரி, பழைய பெட்டிதானே, வீணாகக் கிடக்கிறதே என்று அதை ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான்.

டெஸ்க்டாப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆக வேண்டும் என்று அதன் பயாஸில் (மெஷின் எழுந்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில்) சொல்லிவைக்கலாம். ஆனால் 2008 போர்டில் இருக்கும் காசு மாதிரி வட்டமான சிஆர்2032 பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். அது செத்தால் கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் நீங்கள் சொன்னதை மறந்துவிடும். அதோடு, தொடர எஃப்1 அழுத்தவும் என்று கறுப்புத் திரையில் காத்துக்கொண்டே நிற்கும். மானிட்டரும் கீபோர்டும் இல்லாத பெட்டி அப்படி நிற்பது வெளியில் யாருக்கும் தெரியாது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய டெஸ்க்டாப்பை எந்தக் காரியத்துக்கு எடுத்தாலும் முதல் வேலை அந்தப் பேட்டரியை மாற்றுவதுதான்.

லேப்டாப்பில் நிலைமை தலைகீழ். அதன் பேட்டரியே சின்ன யூபிஎஸ். பேட்டரி பழசாகி 30 வாட்-அவர்தான் தாங்குகிறது என்றாலும் 10 வாட் மெஷினை மூன்று மணி நேரம் தூக்கி நிறுத்தும். சாதாரண மின்வெட்டுக்கு அது போதும். துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மாலையில் விடும் நாளில்தான் வம்பு. பேட்டரி தீர்ந்து மெஷின் அணைந்துவிடும்; அப்புறம் கரண்ட் வந்தாலும் சாதாரண லேப்டாப் தானாக எழுந்திருக்காது. கம்பெனி உபயோகத்துக்கென்று செய்த லாட்டிட்யூட், திங்க்பேட் வகைகள் இங்கேதான் வித்தியாசப்படும். உங்கள் டெல் பயாஸில் மின் நிர்வாகப் பகுதிக்குப் போனால் வேக் ஆன் ஏசி என்று ஒன்று இருக்கும் (ஏசி என்றால் இங்கே சார்ஜர் வழி வரும் கரண்ட்). அதை ஆன் செய்தால், சார்ஜரில் கரண்ட் வந்த உடனே மெஷின் எழுந்துவிடும். பக்கத்திலேயே ஆட்டோ ஆன் டைம் இருக்கும். அதையும் தினம் காலை 6 மணி என்று வைத்துவிடுங்கள். ஒன்று தவறினாலும் மற்றொன்று எழுப்பிவிடும்.

இரண்டையும் வைத்த பிறகு ஒருமுறை சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி முழுக்கத் தீர்ந்து தானாக அணையும்வரை விட்டு, மறுபடி செருகிப் பாருங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

அதே பகுதியில் பேட்டரி சார்ஜ் முறை என்று இன்னொன்றும் உண்டு. பிரைமரிலி ஏசி யூஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கஸ்டம் போய் 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்திலேயே, அதுவும் சித்திரை வெயிலில், வருஷக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஊதிக்கொள்ளும். டச்பேட் மேலே தூக்கி நிற்கிறதா, லேப்டாப்பைத் தட்டையான தரையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பேட்டரியோடு ஓட்டவே வேண்டாம். குத்தாமல், நெளிக்காமல் கழற்றி எடுத்துவிட்டு வேறு போடுங்கள். பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிற மின்வேதியியல் ஆய்வகம் 1953-இலிருந்து நடக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஊதிப்போன பேட்டரியைச் செலோடேப் போட்டு ஒட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி டிஸ்க். லேப்டாப் உள்ளே ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டு அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். போட்டோ, வீடியோவுக்கு வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க். வெளி டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தனி அடாப்டரோடு வரும் பெரிய 3.5 இஞ்ச் டிஸ்கை வாங்காதீர்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே பட்டென்று சாகும். அந்த மாதிரி நாலைந்து தடவை நடந்தால் ஃபைல் சிஸ்டம் குழம்பிவிடும். யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் 2.5 இஞ்ச் டிஸ்க் என்றால் லேப்டாப்போடு சேர்ந்தே பிழைக்கும். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். லினக்ஸில், மெஷின் பூட் ஆகும்போது அந்த டிஸ்கை இணைக்கச் சொல்லும் ஃப்ஸ்டேப் என்ற ஃபைலின் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்க மறக்க வேண்டாம். அது இல்லையென்றால், டிஸ்க் ஒரு நாள் மக்கர் செய்தால் முழு மெஷினும் பூட் ஆகாமல் பாதியில் நின்றுவிடும். அப்போது சென்னையிலிருந்து உள்ளே போய்ப் பார்க்கக்கூட வழி இருக்காது.

கையில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்கைப் போடுவதானால் முதலில் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருப்பதை, எடுத்துப் பாருங்கள். ஏகப்பட்ட வரிகள் வரும். 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள்: கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்), கெட்டுப்போகக் காத்திருக்கும் செக்டர்கள். கடைசி நிரலில் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் வைக்கலாம். 197 பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் சினிமாப் படம் போட்டுப் பார்க்கலாம், ஐயாவின் பேரேட்டை வைக்கக்கூடாது.

மின் இணைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நம் வீடுகளில் அதுதான் பெரிய விஷயம். தேக்குச் சட்டத்தின்மேல் ஒயர் ஓடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு ஒயரே போயிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சர்வர் வைக்கிற பாயிண்டுக்கு எர்த் உண்மையில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் போதாதா என்பார்கள். வரும் அதிர்ச்சியை அது எர்த்துக்குத்தான் திருப்பிவிடுகிறது. எர்த் இல்லாத பிளக்கில் பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஐப்பசி இடிக்கு இது முக்கியம்.

இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் பாருங்கள், யூபிஎஸ் மோடு என்றிருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போகும்போது சீக்கிரம் மாறும். லேப்டாப்புக்கு அதுகூட அவசியமில்லை. ஆனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கட்டாயம் வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டே இருந்து ரவுட்டர் செத்துப்போனால் கோலாலம்பூருக்கு இரண்டும் ஒன்றுதான். இன்வெர்ட்டர் லைன் அந்த அறைக்கு வரவில்லையென்றால் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது, அதை மாட்டிவிடுங்கள்.

எங்கே வைப்பது? ஃபைபர் முகப்புப் பக்கம் வந்திறங்கும். உங்கள் புள்ளியின் (பொது வீட்டில் உங்கள் குடும்பப் பங்கின்) அறை இரண்டாம் கட்டில் இருக்கலாம். நடுவில் இருக்கிற சுண்ணாம்புச் சுவர்களை வைஃபை தாண்டாது, முயற்சி செய்து நேரத்தைப் போக்காதீர்கள். கேட்6 கேபிள் இழுங்கள். லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். வேறு ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் 100 மீட்டரா என்று சிரிப்பார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில் வளைவு நெளிவோடு அளந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். பளபளவென்று இருக்கும் பழைய பூச்சில் டிரில் போட விடாதீர்கள், அதைத் திரும்பப் பூச இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம். உத்தரத்தின் ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோய்விடலாம். அறை குளிர்ச்சியாக இருக்கும், வெயிலுக்கு அந்தச் சுவர்களே போதும். வளவின் (வீட்டு நடுப்பகுதியின்) திறந்த முற்றத்துச் சாரல் படாத இடமாகவும், பல்லி எறும்பு நுழையாதபடி தரையிலிருந்து உயரமாகவும் பாருங்கள். பொதுக் கட்டில் வைப்பதானால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 14 யூனிட்டுக்கு யாரும் சண்டை போடமாட்டார்கள். ஆனால் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் வந்திருக்கும்போது, இது என்ன பெட்டி, ராத்திரி பகலாக ஓடுகிறது என்று யாராவது பிளக்கைப் பிடுங்குவார்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் நான் சுருக்கமாகப் போகிறேன், ஏனென்றால் அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆறாம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்காது. ஆபீசில் அதைக் கழித்ததே இதனால்தான் இருக்கும். டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையை, ஐகான்கள் தெரியும் டெஸ்க்டாப் திரை இல்லாமல் போடுங்கள். மூடியை மூடினால் தூங்கிவிடக்கூடாது என்று அதன் லாகின்டி என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி மாற்ற வேண்டும். பாதுகாப்பு அப்டேட் தானாக ஏறும்படி வையுங்கள். அதன்மேல் சாஃப்ட்வேர்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்ட டாக்கர், போட்டோ பார்க்க இமிச், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின். கட்டளை அடித்துப் பழக்கமில்லை என்றால் டெபியன் மேலேயே நிற்கும் ஓப்பன்மீடியாவால்ட் இருக்கிறது, பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம்.

இமிச் முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும். ஆச்சியின் படம் எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் கட்சி மாறிவிடுவார்கள். அதற்கு ராம் 8 ஜிபி இருக்கட்டும், குறைந்தால் திணறும். முதல் தடவை எல்லாப் படங்களையும் அலசி முடிக்கும்வரை மெஷின் நாள்கணக்கில் சூடாக ஓடும். அதற்கு முன்பு ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டிவிடுங்கள்.

கல்யாண வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு. டிவிடியில் இருப்பவற்றை முதலில் காப்பி எடுங்கள், பழைய தட்டுகள் படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அப்புறம் எல்லாவற்றையும் ஹெச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு ஒரே தடவை மாற்றி வைத்துவிடுங்கள். அது ஏறக்குறைய எல்லா ஃபோனிலும் டிவியிலும் அப்படியே ஓடும், சர்வர் ஃபைலைக் கொடுத்தால் மட்டும் போதும். ஓடும்போது மாற்றிக் கொடுக்கும் வேலையை மெஷினுக்கு வைத்தால்தான் பழைய பிராசசர் மூச்சு வாங்கும். இப்போதைய ஐஃபோன்கள் எடுக்கும் ஹெச்இவிசி என்ற புதிய வடிவ வீடியோ 8 பிட் என்றால் ஆறாம் தலைமுறை இன்டெல் வன்பொருளிலேயே படிக்கும். 10 பிட் ஏழாம் தலைமுறையிலிருந்துதான்.

கோலாலம்பூர் எப்படி உள்ளே வரும்? ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்று, இங்கே பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரியே கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும், திறந்தாலும் வேலை செய்யாது. இரண்டு, வேலை செய்தால் இன்னும் மோசம். குடும்பப் படங்கள் இருக்கிற பெட்டியின் கதவை உலகம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். டெய்ல்ஸ்கேல் போடுங்கள். ஒயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கத்தின்மேல் ஓடுவது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். சர்வரிலும் அண்ணன் ஃபோனிலும் நிறுவினால் இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போல 100 என்று தொடங்கும் முகவரியில் பேசிக்கொள்ளும். உங்களுக்கும் அதே வழிதான். சென்னையிலிருந்து உள்ளே நுழைந்து பார்க்கலாம்.

பேரேடுகளுக்கு வருவோம். 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். கட்டுப் பிரியும் பேரேட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் எடுப்பது நல்லது. தமிழ் அச்சு எழுத்தை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற சாஃப்ட்வேர் ஓரளவு படித்துவிடும். கணக்குப்பிள்ளை கையெழுத்தை நம்பி அதனிடம் கொடுக்க முடியாது. அதனால் ஃபைல் பெயர்தான் உங்கள் அட்டவணை. ரங்கூன் பேரேடு 1931 பக்கம் 042 என்பது போலத் தமிழிலேயே வைக்கலாம், லினக்ஸுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஒரே எல்லை, பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால் 85 குறிகள்தான் வரும், கோ என்பதே இரண்டு குறி. பெயருக்குள் கதை எழுதாதீர்கள். மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளைத் தட்டெழுத வேண்டுமானால், 2019-இல் வந்த யூனிகோடு 12 முதல் அவற்றுக்குத் தனி இடம் உண்டு. எல்லா எழுத்துருவிலும் தெரியாது, ஆனால் எழுதி வைத்தது அழியாது. கல்யாணப் பத்திரிகைகளையும் நோட்டீஸ்களையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் அந்த மாதிரித் துண்டுக் காகிதங்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின.

இவ்வளவும் ஒரே டிஸ்கில் இருந்தால் அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. அங்கேதான் அரசு லேப்டாப். 2011-இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் 2 ஜிபி ராம்தான். இமிச்செல்லாம் அதில் ஓடாது. ஆனால் இரண்டாவது காப்பியை வாங்கி வைத்துக்கொள்ள அது தாராளம். அதில் விண்டோஸோடு போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், ஆகவே டெபியன் ஏறுமோ என்ற பயம் வேண்டாம். அதைச் சென்னை வீட்டில் வைத்து ஒரு யூஎஸ்பி டிஸ்கை மாட்டி, பள்ளத்தூர் சர்வர் இரவில் ரெஸ்டிக் என்ற காப்பி எடுக்கும் சாஃப்ட்வேர் மூலம் டெய்ல்ஸ்கேல் வழியாக அதற்கு அனுப்பும்படி வையுங்கள். சிங்க்திங் போன்ற ஒத்திசைவு வேண்டாம். அங்கே ஒருவர் தவறி அழித்தால் இங்கேயும் அழிந்துவிடும். முதல் காப்பியை இன்டர்நெட்டில் அனுப்ப முயலாதீர்கள். 1 டெராபைட்டை 40 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப இரண்டே கால் நாளுக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் அறுபடாமல் இருந்தால். ஊரிலேயே டிஸ்கில் ஏற்றி, காரைக்குடியில் பல்லவன் ஏறும்போது பையில் எடுத்துப் போங்கள். அதற்குப் பிறகு தினமும் போவது புதிதாகச் சேர்ந்தது மட்டும்தான். ரெஸ்டிக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அண்ணனிடமும் கொடுத்து வையுங்கள், அது இல்லாமல் அந்தக் காப்பியை யாராலும் திறக்க முடியாது.

டெஸ்க்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்குமுன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்குப் போகும் கேபிளில், 3.5 இஞ்ச் டிஸ்க் என்பதால் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ளதாக, ஒன்று வாங்கி அதை லாட்டிட்யூடில் செருகிப் பாருங்கள். 2008-லிருந்து வீட்டில் எடுத்த டிஜிட்டல் கேமரா படங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.